ஆயுள் சந்தா

நான் முதன்முதலில் ஆயுள் சந்தா கட்டியது தமிழ்நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிற்றிதழுக்கு. 1990களின் தொடக்கம். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் அதன் அட்டையைப் பார்த்து மயங்கி, ஊருக்குப் போன நண்பரிடம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தனுப்பினேன். நான்கு இதழ்கள் வந்தன. ஐந்தாவது வரவில்லை. கடிதம் போட்டேன். ஆசிரியரிடமிருந்து உருக்கமான பதில் வந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு படித்து முடித்தபோதுதான் பணம் திரும்ப வராது என்பது புரிந்தது. ஆயுள் சந்தாவில் சொல்லப்படும் ஆயுள் என்னுடையது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

முப்பது வருடம் கழித்து அதே சொல் ஆங்கில வேடத்தில் என் கணினித் திரையில் வந்து நின்றது. 'லைஃப்டைம்'. இந்த முறை, பாட்டுக் கேட்கும் மென்பொருளுக்கு.

பாட்டுக் கேட்க மென்பொருளுக்கு எதற்குக் காசு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல என் வீட்டுக் குண்டறையிலிருந்து தொடங்க வேண்டும்.

சிங்கப்பூரில் அரசு கட்டும் வீவக வீடு கொஞ்சம் புதியதாக இருந்தால் அதில் ஒரு பாதுகாப்பறை இருக்கும். தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. போர் வந்தால் குடும்பம் உள்ளே போய் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. இதுவரை வராததால், பழைய மின்விசிறி, தீபாவளிக்கு மட்டும் வெளிவரும் முறுக்கு அச்சு, அரிசி மூட்டை ஆகியவை அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. என் வீட்டில் கூடுதலாக ஆறு பெட்டி சிடிக்கள். குண்டு விழுந்தால் எங்கள் மாடியில் முதலில் தப்பிப்பவர் எம்.எஸ். விஸ்வநாதன்தான். நாங்கள் நுழைய இடமில்லை.

"அப்பா, ஒன்னு நீங்க அதைத் தூக்கிப் போடுங்க, இல்லன்னா நாங்க வேற வீடு பார்க்குறோம்" என்றாள் மகள். வேறு வீட்டின் விலையை யோசித்துப் பார்த்து, எல்லாச் சிடிக்களையும் கணினிக்குள் ஏற்ற முடிவு செய்தேன். மூன்று மாதம் பிடித்தது. 3,412 பாட்டு. எல்லாம் ஃபிளாக் வடிவம். 2001இல் வந்த இந்த வடிவம், கோப்பைச் சுருக்கினாலும் ஒலியில் ஒரு துளியையும் சிந்தாது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இலவசம் என்ற சொல்லோடு என் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஒலிப்பெட்டிப் பைத்தியம். "அண்ணே, ஃபிளாக்ல ஏத்திட்டு அதைச் சும்மா கெடக்குற ஒரு செயலியிலயா கேக்கப் போறீங்க? பட்டுப்புடவையை வாங்கி சாக்குத் துணியில சுத்துற மாதிரி" என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை என்னை அடெல்ஃபிக்கு அழைத்துப் போனார். கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் அந்தக் கட்டடம் இந்த ஊர் ஒலிப்பெட்டிப் பிரியர்களின் பழனிமலை. அங்கே ஒரு கடையில், கடைக்காரர் என்னைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரே பாட்டை இரண்டு மென்பொருளில் போட்டுக் காட்டினார். "பாஸ், வித்தியாசம் தெரியுதா? இரவும் பகலும் மாதிரி." எனக்கு இரண்டும் மாலை ஆறரை மணி மாதிரி இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன். குளிர்சாதன அறையில் இலவசமாகக் கோப்பி கொடுத்தவரிடம் எனக்குக் காது அவ்வளவு கூர்மை இல்லை என்று எப்படிச் சொல்வது?

உண்மையில் காது காரணமில்லை. மென்பொருள் செய்வது இவ்வளவுதான்: கோப்பைப் பிரித்து, அதிலுள்ள எண்களை வரிசை குலையாமல், எண்ணை ஒலியாக மாற்றும் பெட்டியிடம் ஒப்படைப்பது. சிடியில் நொடிக்கு 44,100 முறை எடுத்த அளவுகள் இருக்கின்றன. அவற்றை இடையில் எதுவும் கூட்டிக் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். மூட்டையை யார் சுமந்து வந்தாலும் உள்ளே இருப்பது அதே பொன்னி அரிசிதான். சுமந்தவர் பட்டுத் தலைப்பாகை கட்டியிருந்தால் சோறு பூவாக மலராது. 2002இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார்2000 இதை ஒழுங்காகச் செய்கிறது. பார்ப்பதற்கு வருமான வரிப் படிவம் போல இருக்கும். அது ஒன்றுதான் குறை.

பிறகு எதற்குக் காசு வாங்குகிறார்கள்? அலமாரியை அடுக்குவதற்கு. யார் பாடியது, யார் இசை, எந்த ஆண்டு, கூட யார் வாசித்தது, இதைக் கேட்டவர் அடுத்து எதைக் கேட்பார் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஜாதகம் கணிப்பதற்கு. இந்தத் துறையில் ஆகப் பெரிய பெயர் ரூன். 2015இல் வந்தபோது அதன் ஆயுள் விலை 499 அமெரிக்க டாலர். அப்புறம் 699 ஆனது. 2023இல் 829.99. மறுவிற்பனை வீட்டைப் போல ஏறிக்கொண்டே போகிறது. அதே ஆண்டு கடைசியில் அந்த நிறுவனத்தை ஹார்மன் வாங்கியது. ஹார்மனோ 2017இலிருந்து சாம்சுங் கையில். ஆயுளைக் கொடுப்பதாகச் சொன்னவர்களையே வேறொருவர் தத்தெடுத்துக்கொண்டார் என்றால், நம் ஆயுள் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று ஒரு யோசனை வரத்தானே செய்யும்?

அன்றிரவு வீட்டில் கணக்குப் போட்டோம். என் மனைவி கணக்கர் இல்லை. ஆனால் தேக்காச் சந்தையில் முப்பது வருடமாக மீன் வாங்குகிறவள்.

"ஆயுளுக்கு எவ்வளவு?"

"829.99 டாலர். நம்ம வெள்ளிக்கு ஆயிரத்துக்கு மேல வரும்."

"ஜிஎஸ்டி?"

வெளிநாட்டிலிருந்து வரும் மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020இலிருந்து பொருள் சேவை வரி உண்டு. இப்போது 9 விழுக்காடு. நான் அதை மறைக்கப் பார்த்தேன். மீன் வாங்குகிறவளிடம் செதிலை மறைக்க முடியுமா?

"வருஷச் சந்தா?"

"149.88."

கைப்பேசியில் வகுத்தாள். "ஐந்தரை வருஷம். அதுக்கு மேல நீங்க இருந்தாத்தான் லாபம்."

பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்து போய், குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த பலதுறை மருந்தகத்து இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். கெட்ட கொழுப்பு என்ற வரியின் கீழ் மருத்துவர் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"மாசா மாசம் கட்டுங்க" என்றாள்.

இந்த ஊரில் ஆயுள் என்ற சொல்லை நம்பி விலை சொல்வதே தப்பு. வீவக வீட்டுக்கு 99 வருடக் குத்தகை. கார் வாங்கினால் சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் பத்து வருடம். அதற்குக் கொடுக்கும் பணத்தில் ஊரில் கார்களை வரிசையாக நிறுத்தலாம். போய்ச் சேர்ந்த பிறகாவது நிம்மதி உண்டா? சுவா சூ காங் இடுகாட்டில் புதைத்தால் 15 வருடம்தான், அப்புறம் தோண்டி எடுத்துவிடுவார்கள். செத்தவனுக்கே தவணை வைத்திருக்கும் ஊரில் ஒரு பாட்டு மென்பொருள் வந்து ஆயுள் முழுக்க என்று சொன்னால், சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதான். மனைவி சமையலறையில் ஒலி 96.8 போட்டிருந்தாள். அதற்குச் சந்தா இல்லை. முன்பு வானொலி, தொலைக்காட்சிக்கு உரிமக் கட்டணம் இருந்தது. 2011இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

மென்பொருள்களின் ஆயுளும் அப்படி ஒன்றும் கெட்டியில்லை. விண்ஆம்ப் நினைவிருக்கிறதா? 1997இல் வந்தது, நம் வயதுக்காரர்கள் எல்லோர் கணினியிலும் குடியிருந்தது. 1999இல் ஏஓஎல் வாங்கியது. 2013இல் மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே வேறொருவர் வாங்கினார். இன்றும் இருக்கிறது என்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் பின்கட்டில் இருக்கும் பெரிய தாத்தா போல, இருக்கிறார் என்பதே அவர் செய்தி.

சரி, கட்டாமல் இருந்தால் கௌரவக் குறைச்சல். நண்பர் வேறு விடவில்லை. இன்னொரு மென்பொருளை (பெயர் வேண்டாம், நல்ல குடும்பம்) இரண்டு வாரம் இலவசம் என்று இறக்கினேன். 3,412 பாட்டையும் அது மென்று விழுங்கியது. அரை மணி கழித்து அலமாரியைத் திறந்து காட்டியது.

ஆறு இளையராஜாக்கள் இருந்தார்கள்.

ஆங்கில எழுத்தில் 'ஐ' போட்டவர் ஒருவர், அந்த இடத்தில் 'ஒய்' போட்டவர் ஒருவர். ராவுக்கு இரண்டு 'ஏ' வைத்த வசதியான இளையராஜா, ஒரே 'ஏ'யோடு காலம் தள்ளும் சிக்கனமான இளையராஜா. 'மேஸ்ட்ரோ' பட்டத்தோடு ஒருவர். ஆறாமவர் பெயர் 'இசைஞானி', குடும்பப் பெயர் 'இளையராஜா'. ஆறு பேருக்கும் தனித்தனி வட்டம். படம் கிடைக்காததால் ஐந்து பேருக்கு முகமில்லை. மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். சிடியை உள்ளே போட்டவுடன் பெயர்கள் தாமாக வந்து விழுகின்றனவே, அவை எல்லாம் உலகில் எங்கோ ஒரு ரசிகர் எப்போதோ தட்டச்சு செய்து வைத்தவை. நியூ ஜெர்சி ரசிகருக்கு ஓர் எழுத்து, யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ போனவருக்கு ஓர் எழுத்து. மீதியை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். இரவு பதினோரு மணிக்கு. கண்ணாடி இல்லாமல்.

விஸ்வநாதன்–ராமமூர்த்தி விவகாரம் இன்னும் மோசம். அவர்கள் 1965இல் பிரிந்தது தமிழ் உலகத்துக்கே துக்கம். நடுவில் நான் போட்ட ஒரு கோட்டைப் பார்த்து மென்பொருள் அவர்களை மறுபடி பிரித்து, இரண்டு வேறு அலமாரியில் வைத்தது. 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மனம் மாறிச் சேர்ந்தவர்கள், என் கணினியில் எவ்வளவு கெஞ்சியும் சேரவில்லை.

அப்புறம் இந்தக் குடும்பப் பெயர் தொல்லை. முன்பெயர், பின்பெயர் என்று பிரித்து அகரவரிசையில் அடுக்குகிறது. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தைப் 'பா'விலும் தேடலாம், 'எஸ்'ஸிலும் தேடலாம். இரண்டிலும் பாதிப் பாதி இருப்பார். 'எம்.எஸ்.' என்று தேடினால் சுப்புலட்சுமி அம்மாவும் விஸ்வநாதனும் அடுத்தடுத்து வந்து நிற்கிறார்கள். எனக்கு இதில் சொந்த வருத்தம் உண்டு. ஆங்கிலப் படிவம் எதைக் கொடுத்தாலும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் அப்பா பெயரைப் போட்டு, முப்பது வருடமாக இந்த ஊர் வங்கியிலும் விமான நிலையத்திலும் அப்பாவாகவே அழைக்கப்பட்டு வருகிறேன். அவர் காலமாகி இருபது வருடம் ஆகிறது. இன்னும் அவர் பெயருக்குக் கடன் அட்டை கொடுக்கக் கூப்பிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை, ஒரு பாட்டுக்கு ஒரு கலைஞர், அவருக்கு ஒரு தொகுப்பு என்ற மேற்கத்திய எண்ணம். நமக்கு ஒரு பாட்டு என்றால் பாடியவர் இருவர், இசை ஒருவர், எழுதியவர் ஒருவர், வாயசைத்தவர் ஒருவர். இதில் யார் 'கலைஞர்'? நம்மிடம் அந்தப் பெயரில் ஒருவர்தான் இருந்தார், அவரும் வசனகர்த்தா. தொகுப்பு என்றால் படம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் சிடிக்காரர்கள் சிக்கனம் பார்த்து ஒரே தட்டில் மூன்று படத்தை அடைத்திருப்பார்கள். அதில் இரண்டாவது படத்தின் கடைசிப் பாட்டு இருக்காது. இடமில்லை.

இத்தனைக்கும் இப்படி அடுக்கும் வித்தையில் பெரிய கை ஒருவர் இந்த ஊர்க்காரர். சிம் வோங் ஹூ, 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சின்னக் கணினிக் கடையாகக் கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1989இல் அவர் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டைதான், 'பீப்' என்று மட்டும் கத்தத் தெரிந்த கணினிகளுக்கு வாய் கொடுத்தது. ஐபாட் வருவதற்கு ஓராண்டு முன்பே, 2000இல், நோமட் ஜூக்பாக்ஸ் என்று ஒரு பாட்டுப் பெட்டி; கைக்கு அடக்கமாக இல்லை, சிடி பிளேயர் அளவு இருக்கும். நான் சிம் லிம் ஸ்குவேரில் பேரம் பேசி வாங்கியிருக்கிறேன். கலைஞர், தொகுப்பு, பாட்டு என்று படிப்படியாக உள்ளே போய்த் தேடும் வழிக்கு 2005இல் அந்த நிறுவனத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. வழக்கு, எதிர்வழக்கு எல்லாம் ஆகி, 2006இல் ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அலமாரி அடுக்கும் முறைக்குப் பத்துக் கோடி! சிம் 2023 ஜனவரியில் காலமானார். அவர் பக்கத்து மேசையில் ஒரு தமிழர் உட்கார்ந்து, 'பாஸ், இதில் இசையமைப்பாளரை மேலே வையுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடுக்கத் தெரிந்த தமிழர் நம்மிடையே இருந்தார். 1980களில் டன்லப் ஸ்திரீட் பக்கம் ஒரு கேசட் கடை. பாட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டு போனால், அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார். நம் பட்டியலை அப்படியே பதிய மாட்டார். பேனாவால் இரண்டு பாட்டை அடிப்பார். "இதுக்கப்புறம் இதைப் போடாதே தம்பி, அழுதுட்டுச் சிரிச்ச மாதிரி இருக்கும்." அந்த இடத்தில் நாம் கேட்டிராத ஒன்றை எழுதுவார். அது எப்போதும் நம் பட்டியலில் இருந்ததைவிட நன்றாக இருக்கும். முதல் வரி தெரிய வேண்டாம், படம் தெரிய வேண்டாம், சும்மா ராகத்தை இழுத்தால் போதும். இப்போது மாதம் பதினைந்து டாலருக்கு 'உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை' என்று விற்கிறார்களே, அது அவருக்குக் கேசட் கூலியில் அடக்கம். அவரிடம் ஒரே குறை, பி பக்கத்தின் கடைசிப் பாட்டு பல்லவியோடு அறுந்துவிடும். நாடா அவ்வளவுதான் என்பார். இன்றும் சில பாட்டுகளில் சரணம் தொடங்கினால் எனக்கு அது அந்நியமாகத் தெரிகிறது. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசித் திரை மாற்றுகிறார்கள்.

ஆகவே நானே அந்தக் கேசட் கடைக்காரராக மாறினேன். இரண்டு வாரமும் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திருத்தினேன். ஆறு இளையராஜாக்களை ஒருவராக்கினேன். விஸ்வநாதனையும் ராமமூர்த்தியையும் சேர்த்து வைத்தேன். அப்பாவுக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட எங்கள் தாத்தா இவ்வளவு பொருத்தம் பார்த்திருக்க மாட்டார். பதினான்காம் நாள் இரவு அலமாரி பளபளத்தது. ஒவ்வொரு படத்துக்கும் அட்டை, ஆண்டு, பாடலாசிரியர் எல்லாம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்" என்றாள். எங்கள் வீட்டில் அது பத்மஸ்ரீ.

பதினைந்தாம் நாள் மென்பொருள் கதவைச் சாத்தியது. தொடர வேண்டுமானால் கட்டுங்கள்.

பரவாயில்லை என்று ஃபூபாரைத் திறந்தேன். ஆறு இளையராஜாக்களும் வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. நான் செய்த திருத்தம் ஒன்றுகூடப் பாட்டுக் கோப்புகளுக்குள் போகவில்லை. எல்லாம் அந்த மென்பொருளின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது. அமைப்புகளில் எங்கோ நான்காவது பக்கத்தில் ஒரு கட்டத்தைத் தட்டியிருந்தால் கோப்பிலும் எழுதியிருக்குமாம். நான் தட்டவில்லை. பதினான்கு நாள் வேர்வை சிந்தி நான் கட்டிய வீட்டுக்கு எனக்கே வாடகை கேட்கிறார்கள். வாடகையாகக் கட்டினாலும் சரி, ஆயுள் விலையாகக் கட்டினாலும் சரி, என் காசில் பெரும்பகுதி என் உழைப்பைத் திரும்ப வாங்கத்தான் போகும். பிரீமியம் மென்பொருள் காசுக்குத் தகுமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: பிரிட்டிஷ் ஜாஸ் கேட்கிறவரா? கட்டுங்கள், உங்கள் அலமாரியை அவர்களே அடுக்கியிருப்பார்கள், அந்த அழகுக்குக் கொடுக்கலாம். தமிழ்ப் பாட்டு கேட்கிறவரா? அடுக்கப்போவது நீங்கள். கூலியை நீங்கள்தான் வாங்க வேண்டும்.

நண்பரிடம் சொன்னேன். "அதுக்குத்தாண்ணே ஆயுள் சந்தா வாங்கியிருக்கணும்" என்றார். அவர் வாங்கியிருக்கிறார். வாங்கியவர்கள் எல்லோருக்கும் அந்தச் சொல்லை அடுத்தவர் காதில் ஓதும் கடமை வந்துவிடுகிறது, கிட்டத்தட்ட மதம் மாதிரி.

நான் கோப்புக்குள்ளேயே எழுதும் இலவசக் கருவி ஒன்றை இறக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இது என் சொத்து. எந்த மென்பொருள் செத்தாலும் பாட்டோடு கூடவே வரும். ஆறு ராஜாக்களை ஒன்றாக்கும் வேலை, மொத்தமாகத் தேர்ந்தெடுத்துச் செய்தால் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. முதல் முறை ஒவ்வொன்றாகத் திருத்தியதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "என்னங்க, அந்த ரேவதி மழையில ஆடுவாங்களே, அதைப் போடுங்க."

பெருமையோடு உட்கார்ந்தேன். 'ரேவதி' என்று அடித்தேன். இல்லை. 'மழை' என்று அடித்தேன். வேறு ஏழு பாட்டு வந்தது. என் அலமாரியில் பாடியவர் உண்டு, இசை உண்டு, ஆண்டு உண்டு, ரேவதி இல்லை. அந்தப் பாட்டு 'மௌன ராகம்' படத்தில் வருவது, 1986, எனக்குத் தெரியும். ஆனால் வெங்காய நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவளே கைப்பேசியில் ரேவதி மழை என்று பேசினாள். அடுத்த நொடி ரேவதி நனையத் தொடங்கிவிட்டார். இடையில் ஒரு சலவைத்தூள் விளம்பரம்.

அன்றிரவே ஒவ்வொரு பாட்டின் குறிப்புக் கட்டத்திலும் 'வீட்டில் சொல்லும் பெயர்' என்று ஒன்றைச் சேர்க்கத் தொடங்கினேன். ரேவதி மழை. கமல் சைக்கிள். ரஜினி மாட்டு வண்டி. உங்க அக்கா கல்யாணத்துல போட்டது. இதை எந்த நியூ ஜெர்சி ரசிகரும் தட்டச்சு செய்திருக்க முடியாது. மனைவியை ஒவ்வொரு பாட்டாகக் கேட்க வைத்துத்தான் எழுத வேண்டும். அவள் வாரத்துக்குப் பன்னிரண்டு பாட்டுக்கு மேல் உட்கார மாட்டேன் என்கிறாள். மூன்று வாரத்தில் 36 முடிந்திருக்கிறது.

"மொத்தம் எத்தனை?"

"3,412."

கைப்பேசியை எடுத்து வகுத்தாள்.

"ஏறக்குறைய ஐந்தரை வருஷம்" என்றாள். கை, குளிர்பதனப் பெட்டிக் கதவை நோக்கிப் போயிற்று.